கீழாநெல்லியின் ஊர் எது?

ஐப்பசி மழை விட்ட கையோடு திருவண்ணாமலை ரமணாசிரமத்தைச் சுற்றி எங்கு பார்த்தாலும் கீழாநெல்லிதான். பலாக்கொத்துப் பக்கம், செங்கம் சாலையோரக் காலி மனைகள், மதில்களின் அடி என்று ஈரம் கண்ட இடத்திலெல்லாம் ஒரு சாண் உயரத்துக்கு எழும்பி நிற்கும். கிரிவலப் பாதையில் கரிசலாங்கண்ணி, தூதுவளையோடு அதையும் கட்டுக்கட்டாக விற்கும் ஒரு ஆயாவிடம், எங்கே பறித்தது என்று கேட்டேன். "எல்லாம் மலையில பறிச்சதுதான் சாமி. சித்தருங்க நட்டு வச்சது" என்றார். காமாலைக்குக் கொடுக்கும் முறையையும் சொன்னார். வேரோடு பிடுங்கி, மண் போக அலசி, மைபோல அரைத்து, கொட்டைப்பாக்கு அளவு எடுத்து மோரில் கரைத்து வெறும் வயிற்றில் மூன்று நாள். உப்பு, புளி, எண்ணெய் ஆகாது.

இந்த ஊரில் எந்தப் பச்சிலையைக் காட்டினாலும் அண்ணாமலையின் மூலிகை என்றுதான் சொல்வார்கள். அந்த நம்பிக்கையை நான் மதிக்கிறேன். ஆனால் இந்தச் செடி எங்கிருந்து வந்தது, காமாலைக்கு இது கேட்கும் என்பதை யார் எப்படிச் சோதித்தார்கள் என்ற இரண்டு கேள்விகளும் அதன்பிறகு என்னை விடவில்லை.

தேடல் முதலில் சென்னைத் தரமணிக்கு இட்டுச் சென்றது. அங்கேயுள்ள சென்னைப் பல்கலைக்கழக முதுநிலை அடிப்படை மருத்துவ அறிவியல் நிலையத்தில் நுண்ணுயிரியல் பேராசிரியராக இருந்தவர் எஸ்.பி. தியாகராஜன். பின்னாளில் அதே பல்கலைக்கழகத்தின் துணைவேந்தரானவர். அவருடைய குழு நம் வீட்டு வைத்தியத்திலிருந்தே இரண்டு செடிகளை எடுத்துக்கொண்டது: கரிசலாங்கண்ணி, கீழாநெல்லி. ஹெபடைட்டிஸ் பி வைரஸின் மேற்பரப்பு ஆன்டிஜென் என்ற உறைப் புரதத்தைச் சோதனைக் குழாயில் இவற்றின் சாறு செயலிழக்கச் செய்கிறது என்று அவர்கள் 1982இல் எழுதினார்கள்.

அந்த ஆன்டிஜென்னைக் கண்டுபிடித்தவர் பாரூக் ப்ளும்பெர்க். ஆஸ்திரேலியப் பழங்குடியினர் ஒருவரின் ரத்தத்தில் அது முதலில் தென்பட்டதால் ஆஸ்திரேலியா ஆன்டிஜென் என்று பெயர் வைத்தார். அதற்காக 1976இல் நோபல் பரிசு பெற்றார். ஃபிலடெல்ஃபியாவில் ஃபாக்ஸ் சேஸ் புற்றுநோய் மையத்தில் இருந்த அவரும் வெங்கடேஸ்வரன், மில்மன் என்ற ஆய்வாளர்களும் கீழாநெல்லியைக் கையில் எடுத்தார்கள். வுட்சக் என்ற அமெரிக்க விலங்குக்கு, நம் ஹெபடைட்டிஸ் பிக்குப் பங்காளியான ஒரு வைரஸ் தொற்றும். புதிதாகத் தொற்று கண்ட நான்கு வுட்சக்குகளுக்குச் சாற்றை ஊசியாகப் போட்டதில், மூன்றின் ரத்தத்தில் வைரஸின் தடயமே சில வாரங்களில் மறைந்தது. இது 1987இல் வெளியானது.

அடுத்த ஆண்டு இரண்டு குழுக்களும் சேர்ந்து 'லான்செட்' இதழில் எழுதிய கட்டுரைதான் கீழாநெல்லியை உலகம் அறியச் செய்தது. வைரஸை நாட்பட உடலில் சுமப்பவர்களுக்குக் காய்ந்த செடியின் பொடி 200 மில்லிகிராம், நாளைக்கு மூன்று வேளை, 30 நாட்கள். மருந்து எடுத்த 37 பேரில் 22 பேருக்கு ஆன்டிஜென் காணாமல் போனது. வெற்று கேப்சூல் எடுத்த 23 பேரில் ஒருவருக்குத்தான் போனது.

இந்த எண்களை நான் திரும்பத் திரும்பப் படித்ததற்குக் காரணம் உண்டு. தண்ணீர் வழியே வரும் ஏ, இ வகைக் காமாலை பெரும்பாலும் சில வாரங்களில் தானே அடங்கிவிடும். வளர்ந்தவர்களுக்குப் பி வகை வந்தாலும் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் உடம்பின் சொந்த பலத்திலேயே அதை வென்றுவிடுவார்கள். அப்படித் தேறியவர் இடையில் மோரில் கலந்து குடித்திருந்தால் புகழ் கீழாநெல்லிக்குப் போய்ச் சேரும். தியாகராஜன் குழு தேர்ந்தெடுத்தது அப்படித் தானே குணமாகிறவர்களை அல்ல, வைரஸ் தங்கிவிட்டவர்களை. அவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு அது விலகியது என்றால் சாதாரணச் செய்தி இல்லை.

ஆனால் மற்ற ஊர்களில் இது பலிக்கவில்லை. 1990இல் தாய்லாந்திலிருந்தும் 1994இல் நியூசிலாந்திலிருந்தும் வந்த ஆய்வுகள் பயன் இல்லை என்றன. 2011இல் காக்ரேன் குழு எல்லா ஆய்வுகளையும் திரட்டிப் பார்த்து, பரிந்துரைக்கப் போதிய ஆதாரம் இல்லை என்று முடித்தது. தமிழ்நாட்டில் கேட்டது தாய்லாந்தில் ஏன் கேட்கவில்லை?

விடையின் ஒரு பகுதி அந்தக் கட்டுரைகளின் தலைப்பிலேயே இருக்கிறது. 1987 கட்டுரையில் செடியின் பெயர் ஃபில்லாந்தஸ் நிரூரி. 1988இல் ஃபில்லாந்தஸ் அமாரஸ். பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தாவரவியலாளர் ஹூக்கரின் காலத்திலிருந்து நம் கீழாநெல்லியை நிரூரி என்றே எழுதி வந்தார்கள். 1950களில் கிரேடி வெப்ஸ்டர் என்ற அமெரிக்கத் தாவரவியலாளர் இந்தப் பேரினத்தைப் பிரித்து ஆராய்ந்தபோது, உண்மையான நிரூரி அமெரிக்கச் செடி என்பதும், இந்தியாவில் அந்தப் பெயரில் ஒன்றுக்கு மேற்பட்ட செடிகள் ஒளிந்திருக்கின்றன என்பதும் தெரியவந்தது.

ஆயாவிடம் வாங்கிய கட்டை வீட்டுத் திண்ணையில் பிரித்துப் போட்டு, கைலென்ஸோடு உட்கார்ந்தேன். இலைக்காம்பு போலத் தோன்றும் சிறு கிளையின் அடியில் வரிசையாகத் தொங்கும் காய் ஒவ்வொன்றும் கடுகைவிடச் சற்றே பெரிது. காய் காம்போடு சேரும் இடத்தில் பூவின் இதழ்கள் உதிராமல் நட்சத்திரம் போல ஒட்டியிருக்கும். அவற்றை எண்ண வேண்டும். ஐந்து என்றால் அமாரஸ். ஆறு என்றால் அது வேறு, டெபிலிஸாகவோ ஃப்ராட்டெர்னஸாகவோ இருக்கலாம். தண்டு சிவந்து காய் சொரசொரவென்று இருந்தால் சிவப்புக் கீழாநெல்லி, அதாவது யூரினாரியா. என் கட்டில் ஐந்து இதழ்தான் அதிகம். நடுநடுவே ஆறும் இருந்தது. ஒரே நூலால் கட்டப்பட்ட, ஒரே பெயரில் விற்கப்பட்ட இரண்டு செடிகள்.

கடைச்சரக்கும் இப்படித்தான். தென்னிந்தியாவில் 25 கடைகளின் கீழாநெல்லியை டி.என்.ஏ. வரை சோதித்த ஆய்வு 2010இல் வெளியானது. 76 விழுக்காடு கடைகளில் கிட்டத்தட்ட முழுவதும் அமாரஸ். மீதிக் கடைகளில் வேறு ஐந்து இனங்கள் கிடைத்தன.

இனி, செடியின் ஊர். அமாரஸுக்கு அறிவியல் பெயர் கிடைத்தது 1827இல். மாதிரி எடுக்கப்பட்டது அன்று டேனிஷ்காரர்களின் கோட்டைகள் இருந்த கினிக் கரையில், இன்றைய கானாவில். ஆனால் அதன் பூர்வீகம் ஆப்பிரிக்காவும் அல்ல, வெப்பமண்டல அமெரிக்கா என்றே தாவரவியலாளர்கள் கருதுகிறார்கள். அதாவது மிளகாயும் கொய்யாவும் வந்த திசையிலிருந்து வந்திருக்கிறது. டெபிலிஸோ தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் உரியது. அந்தப் பெயரை வைத்த க்ளைன், டேனிஷ்காரர்களின் தரங்கம்பாடியில் வாழ்ந்த மருத்துவர். சித்தர்களின் சுவடியில் கீழாநெல்லி என்று இருந்தது இந்த ஆறிதழ்ச் செடியாகவும், கடல் தாண்டி வந்த ஐந்திதழ்ச் செடி பிறகு அதே பெயரில், அதே மோரில் கலந்திருக்கவும் வாய்ப்பு இருக்கிறது. இது என் ஊகம்தான். ஆனால் வந்த செடியின் தோற்றத்தையும் கசப்பையும் பார்த்து, இதுவும் அந்த வேலையைச் செய்யும் என்று யாரோ ஒரு வைத்தியர் துணிந்திருக்கிறார் என்றால், அந்த அறிவு எனக்குப் பழம்பெருமையைவிடப் பெரிதாகப் படுகிறது.

அந்தக் கசப்பைப் பிரித்தெடுத்துப் பார்த்தவர்களில் நம்மவரும் உண்டு. குளித்தலையில் பிறந்த டி.ஆர். சேஷாத்ரி, ஆந்திரப் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது கிருஷ்ணமூர்த்தி என்பவரோடு சேர்ந்து கீழாநெல்லியின் கசப்புப் பொருளை ஆராய்ந்து 1946இல் எழுதினார். ஃபில்லாந்தின் என்று அதற்குப் பெயர். செடிக்குச் செடி, வளர்ந்த மண்ணைப் பொறுத்து இதன் அளவு மாறும். எந்தப் பருவத்தில் பறித்தோம் என்பதும், வெயிலில் உலர்த்தினோமா நிழலிலா என்பதும் சேர்ந்தால் பொடிக்குப் பொடி வித்தியாசம் வரத்தான் செய்யும்.

ஒன்றை மட்டும் என் தெருக்காரர்களிடம் விடாமல் சொல்லிவருகிறேன். கண் மஞ்சளித்தால் மோரைக் கலக்குவதற்கு முன்பு ரத்தம் கொடுத்து எந்த வைரஸ் என்று பாருங்கள். பி வைரஸ் பிறந்த குழந்தைக்குத் தொற்றினால் பத்தில் ஒன்பது குழந்தைகளுக்கு அது போகவே போகாது. பிறந்த 24 மணி நேரத்துக்குள் போடும் தடுப்பூசி அதைத் தடுக்கும். அந்தத் தடுப்பூசிக்கு வழி திறந்ததும் ப்ளும்பெர்க்கும் மில்மனும்தான். கீழாநெல்லியை நம்பிய அதே கைகள்.

மீண்டும் ஆய்வுகளுக்கு வருவோம். 1995இல் சீனாவில் 123 நோயாளிகளிடம் மூன்று வகை ஃபில்லாந்தஸை ஒப்பிட்டார்கள். சிவப்புக் கீழாநெல்லிதான் ஓரளவு முந்தியது, அதுவும் வேறொரு ஆன்டிஜென் விஷயத்தில். மேற்பரப்பு ஆன்டிஜென் யாருக்கும் விலகவில்லை. தியாகராஜன் அனுப்பிய அமாரஸ் கிடைத்தது அதில் 11 பேருக்கு மட்டும். பதினொரு பேரை வைத்து ஒரு மூலிகைக்குத் தீர்ப்பு எழுத முடியாது. ரத்தத்தில் வைரஸின் டி.என்.ஏ. எவ்வளவு என்று அளந்து சொல்லும் சோதனை 1988இல் பரவலாக இல்லை, இன்று இருக்கிறது. ஐந்திதழ் எது, ஆறிதழ் எது என்று பிரித்து, ஒரே வயலில் விளைவித்து, ஃபில்லாந்தின் அளவைச் சரிபார்த்து, சில நூறு பேரிடம் இதைத் தமிழ்நாட்டிலேயே நடத்திப் பார்க்க வேண்டும். தரமணியில் தொடங்கிய வேலையை முடித்துவைக்கும் கடமை முதலில் நமக்குத்தான் இருக்கிறது.