கிணற்றில் விட்ட மீன்

பங்குனி வெயிலில் திருவில்லிபுத்தூர்ப் பெரியகுளம் கண்மாய் வற்றத் தொடங்கினால், அண்ணன் தம்பிகளாகிய நாங்கள் இருவரும் சேற்றில்தான் கிடப்போம். ஒருமுறை கைக்குச் சிக்கிய ஜிலேபிக் கெண்டை, வாளியில் விட்டதும் வாய் திறந்தது. உள்ளிருந்து கடுகளவுக் கண்களோடு குஞ்சுகள் உதிர்ந்தன. எட்டிப் பார்த்த ஆச்சி, "வாயில பிள்ளையப் பொத்தி வச்சிருக்கவள அறுக்கக் கூடாதுப்பா. எங்கயாவது கொண்டுபோய் விட்டுருங்க" என்றாள்.

அன்று மாலையே இராசபாளையத்தில் மாமாவின் தோப்புக் கிணற்றில் தாயையும் குஞ்சுகளையும் விட்டோம். புண்ணியம் செய்த நிறைவோடு பேருந்து ஏறினோம்.

இம்மீனின் பூர்வீகம் ஆப்பிரிக்காவின் சாம்பசி ஆறும் அதையொட்டிய தென்கிழக்கு நதிகளும் என்பதைப் பின்னாளில்தான் படித்தறிந்தோம். உணவுக்காக வளர்க்கலாம் என்று 1952இல் நம் நாட்டுக்குக் கொண்டுவரப்பட்டது. 'திலாப்பியா' நம்மவர் நாவில் ஜிலேபியாயிற்று. பெண்மீன் முட்டைகளை வாயிலேயே அடைகாக்கும்; அந்நாட்களில் பெரும்பாலும் இரையெடுப்பதில்லை. நீந்தக் கற்ற குஞ்சுகளும் ஆபத்தென்றால் தாயின் வாய்க்குள் ஓடி ஒளியும். உப்புநீரையும் தாங்கும், பாசியோடு பிற மீன்களின் முட்டைகளையும் தின்னும். கூட்டம் பெருகி இரை குறைந்தால், உடல் வளராமலே இனம் பெருக்கும்.

கிணற்றிலும் அதுவே நடந்தது. சில ஆண்டுகளில் மாமா ஆசையாக விட்டிருந்த கெளுத்தியும் கெண்டையும் காணாமற்போயின. விரல் நீள ஜிலேபிகளே மிஞ்சின. "எங்கிருந்து வந்து சேர்ந்ததோ, சனியன்" என்று மாமா வைதபோது நாங்கள் தலைகுனிந்து இலையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

இன்னொரு செய்தியும் உண்டு. இங்கே வந்தேறி என்று நாம் வையும் இதே மீன், தன் தாய்நிலத்தில் அழிவை எதிர்நோக்கும் இனமாக உலகச் சிவப்புப் பட்டியலில் இடம்பெற்றிருக்கிறது. வளர்ப்புக்காக அங்கே கொண்டுவிட்ட நைல் திலாப்பியாவோடு கலந்து, தன் இனத்தூய்மையை அது இழந்துவருகிறது. அங்கும் மீனைக் கொண்டுபோய் விட்டது மனிதக் கைதான்.

ஆச்சியும் மாமாவும் இன்று இல்லை. ஆச்சியின் இரக்கம் பிழையென்று சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. விட்ட இடம்தான் பிழை. கண்மாயிலிருந்து எடுத்ததைக் கண்மாயிலேயே விட்டிருக்கலாம். மாமாவிடம் சொல்லாமற்போனதை இப்போது இங்கே சொல்லிவிட்டோம்.