மேலே வைக்கும் ஒரு தாள்

வேலைக்கு விண்ணப்பிக்கும்போது மதிப்பெண் பட்டியலை நகல் எடுக்கிறோம். சாதிச் சான்றிதழைத் தேடி எடுக்கிறோம். ஸ்டூடியோவுக்குப் போய்ப் புகைப்படமும் எடுத்துக்கொள்கிறோம். இவை எல்லாவற்றிற்கும் மேலே வைக்கவேண்டிய கடிதத்தை மட்டும் அடுத்தவரிடம் வாங்கி, பெயரை மாற்றி அப்படியே எழுதிவிடுகிறோம். மூன்றாமாண்டு மாணவர்களாகிய நம்மில் பலருக்கும் இவ்வாண்டு இதே வேலைதான். ஆகவே, அந்த ஒரு தாளைப் பற்றி நான் அறிந்துகொண்டதை இங்கே பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

எங்கள் ஊர் போத்தனூர். ரயிலால் பெயர் பெற்ற ஊர். சென்னையிலிருந்து வந்த இருப்புப்பாதை 1862-லேயே எங்கள் ஊரைத் தொட்டுவிட்டது. இங்கிருந்து மேட்டுப்பாளையம் செல்லும் பாதை 1873-ல் திறக்கப்பட்டது. ரயில்வேயின் சிக்னல், தொலைத்தொடர்புப் பணிமனையும் இங்கே உண்டு. ஆகையால் எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு விண்ணப்பம் என்றாலே ரயில்வேத் தேர்வு விண்ணப்பம்தான். அதில் கட்டங்கள் இருக்கும், நிரப்பினால் போதும். தனியார் நிறுவனத்துக்கு எழுதும்போது கட்டம் ஏதுமில்லை. நாம் யார் என்பதை நாமே சொல்லியாக வேண்டும்.

சென்ற தை மாதத்தில், பம்பு தயாரிக்கும் ஒரு நிறுவனத்தில் கணக்கு உதவியாளர் தேவை என்ற விளம்பரத்தைப் பார்த்தேன். என் படிப்பில் ஓராண்டு இடைவெளி உண்டு. நான் பிளஸ் டூ முடித்த கோடையில், லேத் பட்டறையில் என் தந்தையின் வலக்கை நசுங்கியது. அந்த ஓராண்டும் நான் தெருமுனை மளிகைக் கடையில் கணக்கு எழுதினேன். அதற்குப் பிறகே கல்லூரியில் சேர்ந்தேன்.

பக்கத்து வீட்டில், ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் இருக்கிறார். அவரிடம் போனேன்.

"அந்த ஒரு வருசத்த எழுதாம உட்டர்லாமுங்களா தாத்தா?"

"உட்டா அவங்க கேக்கமாட்டாங்களா அம்மிணி? ஒரே வரில சொல்லிப்போடு. அழுவாச்சி வேண்டாம். அந்த வருசம் என்ன செஞ்சீங்கறத நல்லா வெவரமா எழுதோணும்" என்றார். பிறகு, "ராமானுஜம் துறைமுகத்துக்கு எழுதுன கடுதாசியப் படிச்சிருக்கறயா?" என்று கேட்டார்.

நான் படித்ததில்லை. மறுநாள் கல்லூரி நூலகத்தில் கணித மேதையின் வரலாற்றை எடுத்து வாசித்தேன்.

1904-ல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையுடன் சேர்ந்தவர் ராமானுஜன். கணிதத்தில் மூழ்கி மற்றப் பாடங்களில் தேறாமல் உதவித்தொகையை இழந்தார். பின்னர்ச் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எஃப்.ஏ. தேர்வில் வெற்றி கிட்டவில்லை. கையில் பட்டம் இல்லை. 1909-ல் திருமணமும் ஆகிவிட்டது. இந்நிலையில் 1912 பிப்ரவரி 9 அன்று, சென்னைத் துறைமுகக் கழகத்தில் குமாஸ்தா வேலை கேட்டு விண்ணப்பித்தார்.

அது சில வரிகளே கொண்ட கடிதம். மெட்ரிகுலேஷன் தேறியதையும் எஃப்.ஏ. வரை படித்ததையும் குறிப்பிடுகிறார். சூழ்நிலை காரணமாகப் படிப்பைத் தொடர இயலவில்லை என்பதை ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுகிறார். அதன்பின் தம் நேரம் முழுவதையும் கணிதத்தில் செலவிட்டதாகக் கூறி, இந்த வேலையைச் செவ்வனே செய்யமுடியும் என்ற நம்பிக்கையையும் தெரிவிக்கிறார். மாநிலக் கல்லூரிக் கணிதப் பேராசிரியர் மிடில்மாஸ்டின் பரிந்துரையும் அவருக்குத் துணை நின்றது. மார்ச் 1-ஆம் தேதி, மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் வேலையில் சேர்ந்தார்.

அடுத்த ஆண்டு ஜனவரி 16 அன்று கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்கு எழுதிய கடிதத்திலும் இதே முறைதான். ஆண்டுக்கு 20 பவுன் பெறும் குமாஸ்தா என்பதையும், பல்கலைக்கழகக் கல்வி பெறாதவர் என்பதையும் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறார். பிறகு பக்கம் பக்கமாகத் தேற்றங்கள். முதற்கடிதம் அடுப்பெரிய வழிசெய்தது. இரண்டாவது கடிதம் 1914-ல் அவரைக் கப்பலேற்றியது. எல்லோரும் ராமானுஜன் ஆகமுடியாது. ஆனால் இல்லாததை ஒரு வரியிலும் இருப்பதை விரிவாகவும் சொல்லும் அந்த நேர்மை நமக்கும் எட்டக்கூடியதே.

அன்றிரவு என் கடிதத்தை எழுதினேன். எந்த வேலைக்கு, எந்த விளம்பரத்தைப் பார்த்து எழுதுகிறேன் என்பது முதல் பத்தி. இரண்டாம் பத்தியில், "தந்தையின் கைக்காயத்தால் படிப்பு ஓராண்டு தடைப்பட்டது" என்ற ஒரு வரி. அதைத் தொடர்ந்து, கடையில் பற்று வரவு எழுதியது, மாதக் கடன் வாடிக்கைக்காரர்களின் பாக்கியைத் தீர்த்தது, ஜி.எஸ்.டி. பில்களை அடுக்கி ஆடிட்டரிடம் கொடுத்தது ஆகியவற்றை எழுதினேன். தேர்வு முடிந்ததும் சேர இயலும் என்பது மூன்றாம் பத்தி. "கடின உழைப்பாளி", "நேர்மையானவள்" என்ற சொற்களைச் சேர்க்கவில்லை. அவை எல்லோர் கடிதத்திலும் இருக்கின்றன.

அனுப்புமுன் அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். கைக்காயம் பற்றிய வரி வந்ததும் என் குரல் தயங்கியது. அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "இருக்கட்டும் சாமி, நடந்ததத்தான எழுதியிருக்கற" என்றார். அந்த வரியை மாற்றவில்லை.

தாத்தா காலத்தில் இக்கடிதம் பதிவுத் தபாலில் போயிருக்கும். 2025-ல் பதிவுத் தபாலும் விரைவுத் தபாலுடன் இணைந்துவிட்டது. நான் அனுப்பியதோ மின்னஞ்சல். ஆயினும் கவனம் ஒன்றே. பெறுபவரின் பதவிப்பெயர் சரியா? இணைப்பில் சொன்ன சான்றிதழ்கள் எல்லாம் உள்ளனவா? கோப்புக்கு என் பெயரையே வைத்திருக்கிறேனா? மூன்றையும் இருமுறை பார்த்துவிட்டு அனுப்பினேன்.

வேலை கிடைத்ததா என்று கேட்பீர்கள். நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்தது. முதற் கேள்வியே மளிகைக் கடையைப் பற்றியதுதான். "கடன் வாங்கியவர் ஊரைவிட்டே போய்விட்டால் கணக்கில் எப்படிக் காட்டுவீர்கள்?" என்று கேட்டார்கள். வாராக்கடன் பற்றி வகுப்பில் படித்ததையும் கடையில் கண்டதையும் சேர்த்துச் சொன்னேன். இடைவெளி ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. பதில் ஏற்கெனவே அவர்கள் கையில் இருந்தது. முடிவை இன்னும் தெரிவிக்கவில்லை.

இதற்கிடையில் வேறு இரண்டு நிறுவனங்களுக்கும் எழுதியிருக்கிறேன். ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கடிதம். என் கடிதத்தைக் கேட்கும் தோழியருக்குப் படிக்கத் தருகிறேன். ஆனால் இரண்டாம் பத்தியை மட்டும் அவரவரே எழுதிக்கொள்ள வேண்டும்.