வாடகைக் காரில் மகாபலேஷ்வர்



புனேயில் வாழும் நம் வீடுகளுக்குக் கோடை விடுமுறையில் ஊரிலிருந்து உறவினர் வருவது வழக்கம். அவர்களை மகாபலேஷ்வருக்கு அழைத்துச் செல்ல, நாமே ஓட்டும் வாடகைக் காரை நாடுகிறோம். சுமார் 120 கிலோமீட்டர் பயணம். கத்ரஜ், கம்பாட்கி ஆகியவற்றைக் கடந்து, வாயி நகருக்கு அப்பால் பசரணி மலைப்பாதையில் வளைந்து வளைந்து பஞ்ச்கணிக்கு ஏற வேண்டும்.

சி.என்.ஜி. கார் சிக்கனமானது. ஆயினும் பல வண்டிகளில் அதன் சிலிண்டர், பெட்டி வைக்கும் இடத்தை அடைத்துக்கொள்ளும். ஏற்றத்தில் இழுவையும் குறையும். ஐந்து பேரும் மூட்டைகளும் என்றால் பெட்ரோலோ டீசலோ நலம். எரிபொருளை மாற்றி நிரப்பினால் இன்ஜின் பழுதாகும். அச்செலவைக் காப்பீடு பொதுவாக ஏற்பதில்லை. எது என்று முதலிலேயே கேட்டறியுங்கள்.

எல்லாவற்றிலும் முக்கியமானது எண் பலகை. நாமே ஓட்டும் வாடகைக்கு அனுமதி பெற்ற காருக்குக் கருப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து இருக்கும். வெள்ளைப் பலகை சொந்த உபயோகத்திற்கானது. மலிவென்று தெரிந்தவரிடம் அதை வாடகைக்கு எடுத்து விபத்து நேர்ந்தால், காப்பீட்டு நிறுவனம் இழப்பீட்டை மறுக்கலாம். சுமை முழுவதும் உங்கள் குடும்பத்தின்மேல் விழும்.

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் கட்டாயமாக்கிய மூன்றாம் நபர் காப்பீடு, பாதிக்கப்பட்ட பிறருக்கே உதவும். காரின் சேதத்திற்கு அன்று. முழுக் காப்பீடு உண்டா, உங்கள் கையிலிருந்து கட்டவேண்டியது எவ்வளவு, டயரும் கண்ணாடியும் அடிப்பாகமும் அதில் சேருமா என்று எழுத்தில் பெறுங்கள். புறப்படுமுன் கீறல்களைப் படமெடுத்து வையுங்கள்.

பசரணியில் நின்று கிருஷ்ணா பள்ளத்தாக்கைக் காணும்போது மனம் கலங்காதிருக்க, இந்தப் பத்து நிமிட விசாரிப்பு போதும்.