யவனர் முதல் சோனகர் வரை

ஊர்ப்பெயர்கள் வரலாற்றைச் சுமந்து நிற்பன. நாம் வாழும் காலடிப்பேட்டை, எவருடைய காலடி பட்டதாலும் அப்பெயர் பெற்றதன்று. 1717 முதல் 1720 வரை சென்னைக் கோட்டையில் ஆளுநராயிருந்த ஜோசப் காலெட், நெசவாளர்க்கென அமைத்த பேட்டை இது. காலெட்பேட்டை என்னும் அயற்பெயரைத் தமிழ் நா காலடிப்பேட்டை ஆக்கிக்கொண்டது. அவ்வாறே அயலிலிருந்து வந்து நம் மொழியில் வேரூன்றிய மற்றொரு சொல் 'யவனர்' என்பதாகும்.

கிரேக்கருள் ஒரு பிரிவினர் அயோனியர். அவர் பெயரைப் பாரசீகர் 'யௌன' என்றனர். வடமொழியாளர் 'யவன' என்றனர். அரபியர் 'யூனான்' என்றனர். நாம் உட்கொள்ளும் யூனானி மருந்திலும் அப்பெயரே வாழ்கின்றது.

வடபுலம் கண்ட யவனர் போர் வீரராகவே வந்தனர். கி.மு. 326இல் ஜீலம் ஆற்றங்கரையில் அலெக்சாந்தர் போரஸின் யானைப்படையை எதிர்கொண்டார். நீண்ட ஈட்டி ஏந்தி நெருங்கி நின்று பொருத கிரேக்கக் காலாட்படை வென்றது. எனினும் யானையின் ஆற்றலை அது மறக்கவில்லை. அலெக்சாந்தரின் படைத்தலைவருள் ஒருவரான செலூக்கஸ், பின்னாளில் சந்திரகுப்த மௌரியரிடம் 500 யானைகளைப் பெற்றதாகக் கிரேக்க ஆசிரியர் எழுதுவர். கி.மு. 301இல் இப்சஸ் போரில் அவருக்கும் அவர்தம் துணைவர்க்கும் வெற்றி தேடித் தந்தவை அந்த இந்திய யானைகளே.

தென்புலத்து யவனரோ நாடு பிடிக்க வந்தாரல்லர். பொன்னைக் கொணர்ந்து மிளகைப் பெற்றுச் செல்லும் அவர்தம் கலங்களை அகநானூறு முசிறித் துறையில் காட்டுகின்றது. ஆயினும் போர்த்தொழில் அவரை விட்டு நீங்கவில்லை. சிலப்பதிகாரத்தில் மதுரைக் கோட்டை வாயிலில் வாளேந்திக் காவல் நிற்கின்றனர். இமயவரம்பன் நெடுஞ்சேரலாதன் யவனரைச் சிறைப்பிடித்த செய்தியைப் பதிற்றுப்பத்தின் பதிகம் பகர்கின்றது. முல்லைப்பாட்டில் அரசனின் பாசறை இல்லத்தை அமைத்து விளக்கேற்றுவோரும் அவரே. அவ்விளக்கொளியில் அரசன் உறங்காதிருக்கின்றான்; புண்பட்ட யானைகளையும் மாண்ட மறவரையும் எண்ணி வருந்துகின்றான். போரின் விலை இன்னதென்று நம் புலவர் அன்றே உணர்ந்திருந்தனர்.

ரோமரும் நமக்குப் புதியவரல்லர். திருக்குர்ஆனின் 30ஆம் அத்தியாயத்தின் பெயரே 'அர்ரூம்'. தோல்வியுற்ற ரோமர் சில ஆண்டுகளில் வெல்வர் என அது முன்னறிவித்தது. 614இல் ஜெரூசலம் பாரசீகர் வசமாயிற்று. 627இல் நினிவே அருகே ஹெராக்கிளியஸ் வெற்றி கண்டார். வென்றோர் தோற்பதும் தோற்றோர் வெல்வதும் இறைவன் கட்டளையே.

யவனர் என்ற சொல்லோடு ஒருபொருளதாகத் தமிழ் மரபு கொண்ட சொல் 'சோனகர்'. கிரேக்கரையும் ரோமரையும் குறித்த அப்பெயர், காலப்போக்கில் அரபியரைக் குறித்தது. பின்னர்த் தமிழ் பேசும் முஸ்லிம்களையே குறிக்கலாயிற்று. இலங்கையில் அரசு ஏடுகள் இன்றும் 'சோனகர்' என்றே எழுதுகின்றன. வாளோடு வாயிலில் நின்ற அயலானைச் சுட்டிய சொல், அண்டை வீட்டாரின் பெயராயிற்று.

"உங்கள் தாய்மொழி என்ன?" என்று தமிழ்த்துறையில் பயிலும் நம்மிடமே வியந்து வினவுவோர் உளர். சினங்கொள்ளுதல் வேண்டா. காலெட்டைக் காலடியாக்கிய மொழி, யவனரைச் சோனகராக்கி ஏற்ற மொழி, நம்மை ஈன்ற மொழி. மாணவச் செல்வங்கள் சங்க நூல்களைக் கற்றுத் தெளிந்து, அவ்வினாவிற்கு நல்ல தமிழில் விடை பகர்வார்களாக!