பாடாமல் நின்றவர்கள்

எங்கள் கிளையில் ஆயுத பூஜைக்கு வருஷா வருஷம் ஆளுக்கு இருநூறு ரூபாய் வசூல் உண்டு. கம்ப்யூட்டர்களுக்கும் பணம் எண்ணும் மெஷினுக்கும் சந்தனப் பொட்டு, பொரி, கடலை, சுண்டல், வாசலில் பூசணிக்காய். போன வருஷம் மாற்றலாகி வந்திருந்த கேஷியர் ஒருவர் பணம் தரவில்லை. "மன்னிக்கணும் சார், எங்க நம்பிக்கையில இது கிடையாது" என்றார். பூஜை நடந்தபோது தன் நாற்காலியில் உட்கார்ந்து வவுச்சர்களை அடுக்கிக்கொண்டிருந்தார். யெகோவாவின் சாட்சிகள் என்ற சிறிய குழுவைச் சேர்ந்தவர் என்று பிறகு தெரிந்தது. கிளையில் வேறு கிறிஸ்தவர்களும் உண்டு. அவர்கள் பொரி வாங்கிக்கொள்வார்கள். அவர்களைப் பற்றி யாருக்கும் புகார் இல்லை.

ஒரு வாரத்துக்குள் கதைகள் கிளம்பின. வெளிநாட்டுப் பணம் வருகிறது, மதம் மாற்ற வந்திருக்கிறார் என்றார்கள். ஸ்ட்ராங் ரூம் சாவிகளில் ஒன்று இவரிடம் இருக்கலாமா என்றுகூட ஒருவர் கேட்டார். ஒரு பொட்டு விஷயத்தில் நடிக்கத் தெரியாத மனிதரிடம் சாவி பத்திரமாகவே இருக்கும் என்ற எளிய தர்க்கம் யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

இதே பயம் அரசாங்க அளவில் எப்படி இயங்கியிருக்கிறது என்று பிறகு படித்துப் பார்த்தேன். 1985இல் கேரளத்தில், கோட்டயம் மாவட்டப் பள்ளி ஒன்றில், இக்குழுவைச் சேர்ந்த ஒரே குடும்பத்துக் குழந்தைகள் மூவர் தேசிய கீதத்தின்போது எழுந்து நின்றார்கள், ஆனால் பாடவில்லை. ஒரு சட்டசபை உறுப்பினர் இதைச் சபையில் எழுப்பினார். விசாரணைக் குழு அமைந்தது. குழந்தைகள் ஒழுங்கானவர்கள், அவமரியாதை ஏதும் செய்யவில்லை என்றே அது சொன்னது. இருந்தும் ஜூலை 26 அன்று வெளியேற்றப்பட்டார்கள். உயர் நீதிமன்றமும் கைவிட்டது. பாடியே ஆகவேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை, மரியாதையாக எழுந்து நின்றதே போதும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 1986 ஆகஸ்ட் 11 அன்று. மூன்று குழந்தைகளின் மௌனத்துக்குத் தேவைப்பட்ட ஏற்பாடுகள் இவ்வளவு.

அமெரிக்காவில் கொடிவணக்கம் செய்யாத இக்குழுவின் குழந்தைகளைப் பள்ளி விலக்கியது சரியே என்று 1940இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. தொடர்ந்து பல ஊர்களில் கும்பல்கள் இவர்களைத் தாக்கின. மெயின் மாநிலத்தில் கென்னபங்க் என்ற ஊரில் இவர்கள் கூடும் கட்டிடம் தீக்கிரையாயிற்று. மூன்றே வருஷத்தில், 1943இல், அதே நீதிமன்றம் தன் தீர்ப்பை மாற்றிக்கொண்டது. ஹிட்லரின் வதைமுகாம்களில் இவர்களுக்கு ஊதா முக்கோணம். நம்பிக்கையைத் துறப்பதாக ஒரு தாளில் கையெழுத்துப் போட்டால் வெளியே போகலாம். பெரும்பாலோர் போடவில்லை. ஸ்டாலின் 1951இல் ஏறக்குறைய பத்தாயிரம் பேரைக் குடும்பத்தோடு சைபீரியாவுக்கு ஏற்றியனுப்பினார். எதிலும் ஒத்துப்போகாத இருவர், ஆயுதம் தொடாத ஒரு குழுவைக் குறித்து மட்டும் ஒரே முடிவுக்கு வந்திருக்கிறார்கள்.

எண்ணிக்கை பயமுறுத்தியது என்று சொல்ல முடியாது. வன்முறை என்றும் சொல்ல முடியாது. இவர்கள் மறுத்த காரியங்களைப் பார்க்கிறேன்: ஒரு பாட்டு, ஒரு வணக்கம், ஒரு கையெழுத்து, ஒரு பொட்டு. எல்லாம் அற்பமானவை. அற்பமானவை என்பதில்தான் விஷயம் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. வரி கட்டவைக்கச் சட்டம் இருக்கிறது, போலீஸ் இருக்கிறது. இந்தச் சின்னக் காரியங்களை யாரும் தாமாகவே செய்கிறார்கள் என்ற நம்பிக்கையில் சமூகம் நிற்கிறது. ஒருவன் செய்யாமல் இருந்து, வானமும் இடிந்து விழவில்லை என்றால், செய்துகொண்டிருக்கும் மற்ற எல்லோரிடமும் ஒரு கேள்வி வந்துவிடுகிறது: நீ ஏன் செய்தாய்? கேள்வியை அவன் கேட்பதில்லை. சும்மா உட்கார்ந்திருக்கிறான். பதில் நம்மிடம் இல்லாததால் அவனிடம் வெளிநாட்டுப் பணம் இருக்கிறது என்கிறோம்.

எல்லாப் பயமும் பொய் என்று நான் சொல்லவரவில்லை. 1534இல் ஜெர்மனியில் மூன்ஸ்டர் நகரைப் பிடித்த மறுஞானஸ்நானக்காரர்கள், எதிர்த்தவர்களின் தலையை வெட்டும் ஒரு ராஜாவை ஒரே வருஷத்தில் உண்டாக்கிவிட்டார்கள். ஆனால் அந்தப் பயத்தின் கணக்கைப் பிறகு தீர்த்தவர்கள், வாளே எடுக்காத அவர்களுடைய சகோதரக் குழுக்கள். கேஷியரின் குழுவையும் என்னால் நேசிக்க முடியவில்லை. விலக்கப்பட்டவர்களோடு சொந்த உறவினர்களே பேசாமல் ஒதுங்கிவிடும் கட்டுப்பாடு அவர்களுடையது. வெளியே மறுக்கும் உரிமையைக் கேட்பவர்கள், உள்ளே மறுப்பவனுக்கு அதைத் தருவதில்லை. 2023 அக்டோபரில் களமசேரியில் அவர்களுடைய மாநாட்டில் குண்டு வெடித்தது. தானே வைத்ததாகச் சொல்லிச் சரணடைந்தவர், தாம் அந்தக் குழுவில் இருந்தவர் என்றார். அவர் சொன்ன காரணம், அவர்கள் தேசத்துக்கு விரோதமாகப் போதிக்கிறார்கள் என்பது. 1985இன் வார்த்தைகள் பத்திரமாகவே இருந்திருக்கின்றன.

என் எரிச்சலுக்கு வருகிறேன். பதினைந்து வருஷமாக எனக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. இதே பக்கங்களில் சடங்குகளைப் பற்றிக் காரசாரமாக எழுதியிருக்கிறேன். நாமும் ஒரு சிறு குழுதான். முந்நூறு பிரதி, அதில் பாதி கட்டாய அன்பளிப்பு. நம்மைக் கண்டு யாரும் பயந்ததாகத் தகவல் இல்லை. எழுத்தில் எதையும் மறுக்கலாம், பூஜையன்று எழுந்து வந்து தட்டைப் பிடித்துக்கொண்டால் போதும் என்ற ஒப்பந்தம் நமக்கும் ஊருக்கும் இடையே இருக்கிறது. நாம் அதை மீறியதில்லை.

இந்த வருஷம் வசூல் நோட்டு என்னிடம் வந்தது. கேஷியரின் பெயருக்கு நேரே முன்கூட்டியே ஒரு கோடு போட்டிருந்தார்கள். என் பெயருக்கு நேரே இருநூறு என்று எழுதினேன். குங்குமம் இட்டுக்கொண்டு, வழக்கம்போல் பாத்ரூமில் போய் அழித்துக்கொண்டு திரும்பினேன். அவர் தலை நிமிரவில்லை. வவுச்சர் அடுக்கிக்கொண்டிருந்தார்.