சம்புக்கு ஒரு பூட்டு

2019 மே மாதத்தில் எங்கள் அபார்ட்மென்ட்டின் தண்ணீர்க் கணக்கு என் கைக்கு வந்தது. நானாகக் கேட்டு வாங்கியதல்ல. அசோசியேஷன் கூட்டத்தில் ஒருவர், "சாஃப்ட்வேர்ல இருக்கீங்க, எக்ஸெல் நல்லா தெரியும்ல?" என்றார். தலையாட்டினேன். அவ்வளவுதான், பொறுப்பு என் தலையில் ஏறிவிட்டது.

எங்கள் கட்டடம் பள்ளிக்கரணை சதுப்புநிலத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. 24 வீடுகள், சுமார் 75 பேர். 2015 டிசம்பரில் தரைத்தளத்தில் இடுப்பளவு தண்ணீர் நின்ற தெரு அது. நாலே வருடத்தில் அதே தெருவில் போர் வறண்டு, மோட்டார் வெறும் காற்றை இழுத்து உறுமிக்கொண்டிருந்தது. அந்தக் கோடையைச் சென்னையில் இருந்த யாரும் மறந்திருக்க மாட்டார்கள். பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் சேர்ந்து கொள்ளளவில் ஒரு சதவீதம்கூட இல்லாத நிலைக்குப் போயின. புழல் ஏரியின் இரண்டு செயற்கைக்கோள் படங்கள், ஒன்று 2018-இல் நீலமாக, இன்னொன்று 2019-இல் பழுப்பாக, எல்லோருடைய போனிலும் சுற்றின. சிக்கராயபுரம் கல்குவாரிகளில் தேங்கிய தண்ணீரைச் சுத்திகரித்து ஊருக்குக் கொடுத்தார்கள். ஓ.எம்.ஆரில் பல கம்பெனிகள், "முடிந்தவர்கள் வீட்டிலிருந்தே வேலை பாருங்கள்" என்று மெயில் அனுப்பின. கொரோனா வருவதற்கு முன்பே எங்களை வீட்டுக்கு அனுப்பியது தண்ணீர்தான்.

12,000 லிட்டர் லாரி ஒன்று எங்களுக்கு 1,500 ரூபாய்க்கு வந்துகொண்டிருந்தது. அந்த ஜூனில் 4,000 ஆனது. அதுவும் போன் செய்து, கெஞ்சி, மூன்று நாள் முன்பே சொல்லி வைத்தால்தான். ஒரு நாளைக்கு ஒரு லோடு, வீட்டுக்கு 500 லிட்டர் என்று முடிவானது. காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம் மட்டும் குழாயைத் திறந்துவிடுவோம்.

நான் வேலையை ஒழுங்காகச் செய்தேன். சம்புக்குள் விட்டுப் பார்க்க ஒரு மரச்சட்டத்தில் சென்டிமீட்டர் கோடு போட்டேன். சம்பு நாலு மீட்டர் நீளம், இரண்டரை மீட்டர் அகலம். ஆக, ஒரு சென்டிமீட்டர் இறங்கினால் 100 லிட்டர். இரவு பத்து மணிக்கு ஓர் அளவு, காலை ஐந்து மணிக்கு ஓர் அளவு. இடையில் மோட்டார் ஓடாது. இரண்டு அளவும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லை. தினமும் இரண்டு, இரண்டரை சென்டிமீட்டர் குறைந்தது.

முதலில் விரிசல் என்றுதான் நினைத்தேன். கொத்தனாரைக் கூப்பிடுவதற்கு முன்னால், ஆபீஸில் ஒரு பக்கைத் தேடுவதுபோல் தேடலாம் என்று தோன்றியது. இரவைப் பாதியாக வெட்டினேன். ஒன்றரை மணிக்கு இறங்கிப் போய் அளந்தேன். குறையவில்லை. மறுநாள் மூன்றேகாலுக்கு. அப்போதும் குறையவில்லை. அப்படியென்றால் மூன்றேகாலுக்கும் ஐந்துக்கும் நடுவில்தான் தண்ணீர் போகிறது. ஒழுகலுக்கு மணி பார்க்கத் தெரியாது. மணி பார்க்கத் தெரிந்த ஏதோ ஒன்றுதான் எடுக்கிறது.

மூன்றாம் நாள் நாலு மணிக்கு லிஃப்ட் போடாமல் படியில் இறங்கினேன்.

பின்பக்கத்துச் சின்ன கேட் திறந்திருந்தது. சம்பின் இரும்பு மூடி ஓரமாகச் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. வாட்ச்மேன் அண்ணனின் மனைவி குனிந்து, கயிறு கட்டிய பக்கெட்டை உள்ளே விட்டு இறைத்துக்கொண்டிருந்தார். சுவரோரமாகப் பச்சை, சிவப்பு, நீலம் என்று பிளாஸ்டிக் குடங்கள். எட்டுப் பெண்கள். ஆளுக்கு இரண்டு குடம். ஒரு குடம் 15 லிட்டர். 16 குடத்துக்கு 240 லிட்டர். அதாவது 2.4 சென்டிமீட்டர். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் அந்த நொடியில் எனக்கு முதலில் வந்தது கோபமல்ல, இரக்கமும் அல்ல. கணக்கு சரியாக வந்துவிட்ட சந்தோஷம்.

பிறகுதான் முகங்களைப் பார்த்தேன். மூன்றாவதாக நின்றவர் எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்கும் அக்கா. பின்சந்தில் இருப்பவர். அந்தச் சந்தின் முனையில் ஒரு கறுப்புத் தொட்டி உண்டு. மெட்ரோ வாட்டர் லாரி வந்தால் அதில் நிரப்பும். அந்த மாதம் மூன்று நாளைக்கு ஒருமுறை, நாலு நாளைக்கு ஒருமுறை என்று வந்துகொண்டிருந்தது. அக்கா என்னைப் பார்த்தார். சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு குடத்தை எடுத்தார். நிரம்பிய குடத்தையா, காலிக் குடத்தையா என்று எனக்கு ஞாபகம் இல்லை.

"சார், மெட்ரோ வண்டி நாலு நாளா வரல சார். சின்னப் பசங்க இருக்கிற வூடு சார்" என்றார் வாட்ச்மேனின் மனைவி. நான் எதுவும் சொல்லாமல் மேலே வந்துவிட்டேன். திட்டவில்லை என்பதையே ஒரு நாகரிகமாக அப்போது நினைத்துக்கொண்டேன்.

அன்று மாலை குரூப்பில் ஒரு கிராஃப் போட்டேன். பெயர்கள் எதையும் சொல்லவில்லை. சொல்லவும் வேண்டியிருக்கவில்லை. கமிட்டி கூடியது. வாட்ச்மேனை வேலையை விட்டு அனுப்ப வேண்டும் என்றார் ஒருவர். வேண்டாம், அவ்வளவு தூரம் போக வேண்டாம், மூடிக்குப் பூட்டு போட்டாலே போதும் என்றேன் நான். அதுவும் என் பெருந்தன்மைக் கணக்கில் சேர்ந்தது. பூட்டை நானே போய் வாங்கிவந்தேன். 350 ரூபாய். ஒரு சாவி வாட்ச்மேனிடம் இருக்கக் கூடாது என்று யாரோ சொன்னார்கள். இரண்டு சாவியும் என்னிடமே இருந்தன. லாரி வரும்போதெல்லாம் நானே இறங்கித் திறந்துவிட்டேன்.

மறுநாள் காலை அளவு: குறைவு பூஜ்யம். அதையும் குரூப்பில் போட்டேன். கட்டைவிரல்கள் வரிசையாக வந்து விழுந்தன.

பாத்திரம் தேய்க்கும் அக்கா வேலைக்கு வந்துகொண்டுதான் இருந்தார். எப்போதும்போல் தேய்த்தார். பேசுவதை மட்டும் நிறுத்திவிட்டார். எங்கள் தட்டுகளைக் கழுவ அவர் குழாயைத் திறக்கும்போது நான் ஹாலில் லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஜூன் இரண்டாம் வாரம் அம்மா கோவில்பட்டியிலிருந்து வந்தாள். "மெட்ராஸ்ல தண்ணி இல்லேங்காக, நீ வரச் சொல்லுதியே" என்று போனில் தயங்கியவளை நான்தான் வற்புறுத்தி வரவழைத்தேன். அம்மாவுக்குத் தண்ணீர்ப் பஞ்சம் புதிதல்ல. நான் வளர்ந்த தொண்ணூறுகளில் எங்கள் தெருவுக்குக் குழாயில் தண்ணீர் வருவது திருவிழா மாதிரி. எட்டு நாள், பத்து நாளைக்கு ஒருமுறை வரும். தாமிரபரணித் தண்ணீர் சீவலப்பேரியிலிருந்து அத்தனை தூரம் ஏறி வந்து சேருவதற்குள் சொட்டாகிவிடும். மற்ற நாட்களுக்குப் பக்கத்துத் தெருவில் மில்லில் கணக்கெழுதுபவர் வீட்டுக் கிணறுதான். விடியற்காலை நாலு மணிக்கு அம்மா இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாகக் குடத்தோடு நடப்பாள். நான் தூக்குவாளியோடு பின்னால் போவேன். அந்த வீட்டு ஆச்சி, "கிணறு ஊற வேண்டாமாட்டி?" என்று தினமும் முணுமுணுப்பார். ஆனால் பின்கதவு ஒருநாளும் சாத்தியிருந்ததில்லை.

பூட்டு விஷயத்தை நான் சொல்லவில்லை. அம்மா வந்த இரண்டாம் நாளே அக்காவிடம் பேச்சுக்கொடுத்துத் தெரிந்துகொண்டுவிட்டாள். ராத்திரி சாப்பிடும்போது கேட்டாள்.

"கிணத்துக்கு மூடி போடுவாக, பிள்ளைக விழுந்துரக் கூடாதுன்னு. பூட்டா போடுவாக?"

"அம்மா, அது கிணறு இல்ல. காசு குடுத்து வாங்குற தண்ணி. 24 குடும்பத்துக்குப் பொதுவானது. எனக்கு மட்டும் சொந்தம்னா குடுத்திருப்பேன்."

"எவ்வளவு போச்சு?"

"ஒரு நாளைக்கு 240 லிட்டர்."

"எனக்கு லிட்டரெல்லாம் தெரியாதுய்யா. காசுல சொல்லு."

போனை எடுத்துக் கணக்குப் போட்டேன். 12,000 லிட்டர் 4,000 ரூபாய் என்றால் 240 லிட்டர் 80 ரூபாய். 24 வீட்டுக்குப் பிரித்தால் வீட்டுக்கு மூன்று ரூபாய் முப்பத்துமூன்று காசு. நான்கைந்து வாரமாகத் தண்ணீரைப் பற்றி எத்தனையோ கணக்குப் போட்டவன், இந்த ஒன்றைப் போட்டுப் பார்த்ததே இல்லை. அம்மா எதுவும் சொல்லவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு போனாள்.

சமையலறையிலிருந்து மறுபடி கூப்பிட்டாள். ஆர்.ஓ. மெஷினிலிருந்து சிங்குக்குள் தொங்கும் மெல்லிய குழாயைக் காட்டி, "இது என்னய்யா, சும்மா ஓடிக்கிட்டே இருக்கு?" என்றாள். கழிவுத் தண்ணீர் என்றேன். உப்பெல்லாம் அதில் வந்துவிடும், குடிக்க முடியாது. "பாத்திரம் தேய்க்க முடியாதா? கக்கூஸுக்கு ஊத்த முடியாதா?" என்று ஒரு பக்கெட்டை வைத்தாள். மறுநாள் இரவு பார்த்தால் பக்கெட் இரண்டு தடவை நிரம்பியிருந்தது. 40 லிட்டர். ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்கு இரண்டு, மூன்று லிட்டர் வெளியே தள்ளும் மெஷின் அது. எனக்குத் தெரிந்து எங்கள் கட்டடத்தில் 18 வீடுகளில் அது இருந்தது. எங்கள் வீட்டைப் போலவே என்று வைத்துக்கொண்டால் 720 லிட்டர். நான் பிடித்த திருட்டைப்போல் மூன்று மடங்கு. அது தினமும் மேலிருந்து பகலிலேயே போய்க்கொண்டிருந்தது. அதைத் தேடி நான் நடுராத்திரியில் படியிறங்கவில்லை.

அதற்கடுத்த நாளிலிருந்து அம்மா தன் வழியில் நடக்க ஆரம்பித்தாள். அரை பக்கெட்டில் குளித்தாள். கழிவுத் தண்ணீரில் வீட்டைத் துடைத்தாள். காலையில் எங்கள் பங்கு வந்ததும் இரண்டு குடம் பிடித்துத் தனியே வைத்தாள். அக்கா வேலை முடித்துப் போகும்போது ஒன்றை அக்கா எடுக்க, இன்னொன்றை அம்மா லிஃப்டில் கீழே கொண்டுபோய்க் கொடுத்தாள். கமிட்டியில் ஒருவர் என்னிடம் வருத்தப்பட்டார். "நீங்களே பூட்டு போடச் சொல்லிட்டு நீங்களே இப்படிப் பண்ணா எப்படி?" எங்கள் 500 லிட்டரை நாங்கள் என்ன செய்தால் என்ன என்று பதில் சொன்னேன். சரியான பதில்தான். ஆனால் தப்பான கேள்விக்கு. இரண்டாம் மாடியில் ஒரு வீட்டுக்காரம்மா மட்டும் அம்மாவைப் பார்த்துத் தானும் ஒரு குடம் கொடுக்கத் தொடங்கினார். மற்ற ஏழு பெண்களும் எங்கே போனார்கள் என்று எனக்குத் தெரியாது.

ஜூன் 20 வாக்கில் ஒரு மழை பெய்தது. பெரிய மழை இல்லை. ஆனாலும் எல்லோரும் பால்கனியில் நின்று வீடியோ எடுத்தோம். அம்மா ஊருக்குக் கிளம்பினாள். ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீருடன் முதல் ரயில் வில்லிவாக்கம் வந்து சேர்ந்தது. டிவியில் பார்த்துக்கொண்டிருந்தபோது என் மனசு தன்னிச்சையாக அதை 15 லிட்டரால் வகுத்தது. ஒரு லட்சத்து அறுபத்தாறாயிரம் குடம்.

அந்த வருடக் கடைசியில் வாட்ச்மேன் அண்ணனும் அவர் மனைவியும் செய்யாறு பக்கம் சொந்த ஊருக்கே போய்விட்டார்கள். போகும்போது "வரோம் சார்" என்றார் அண்ணன். கையில் ஐந்நூறு ரூபாய் கொடுத்தேன், வாங்கிக்கொண்டார். மன்னிப்புக் கேட்க அதைவிட நல்ல நேரம் வந்திருக்காது. கேட்கவில்லை. பாத்திரம் தேய்க்கும் அக்கா இப்போதும் எங்கள் வீட்டுக்கு வருகிறார். பழையபடி பேசுகிறார். "அம்மா எப்ப தம்பி வருவாங்க?" என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை கேட்பார். அந்த நாலு மணியைப் பற்றி அவரும் பேசியதில்லை, நானும் பேசியதில்லை.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் தெரு மறுபடி மூழ்கியது. மூன்று நாள் கரன்ட் இல்லை. சம்பின் மேல் மூன்றடிக்குச் சாக்கடை கலந்த தண்ணீர் நின்றது. வடிந்த பிறகு சம்பைக் கழுவ ஆள் வந்தார்கள். பூட்டு துருவேறி இறுகிப்போயிருந்தது. இரண்டு சாவியும் திரும்பவில்லை. ஆக்ஸா பிளேடால் அறுத்து எடுத்தார்கள்.

அன்று மாலை இப்போதைய செகரட்டரி குரூப்பில் எழுதினார்: "சம்புக்குப் புதுப் பூட்டு வாங்கலாமா?" கட்டைவிரல்கள் வர ஆரம்பித்தன. நான் ரொம்ப நேரம் போனைக் கையில் வைத்துக்கொண்டிருந்தேன். பிறகு, "குழந்தைகள் உள்ளே விழாமல் இருக்க நல்ல கனமான மூடி போதும், பூட்டு வேண்டாம் என்பது என் கருத்து" என்று எழுதினேன். நாலரை வருடம் தாமதமான வரி. அதுவும் என்னுடையது இல்லை. யாரும் பதில் போடவில்லை. மறுநாள் புதுப் பூட்டு தொங்கியது, முந்தையதைவிடப் பெரியது.

அம்மாவுக்கு போன் செய்து சொன்னேன். சிரித்தாள். "நீ சொன்னியா இல்லியா?" என்றாள். சொன்னேன் என்றேன். "அடுத்த தடவ கொஞ்சம் முன்னாடி சொல்லு" என்றாள்.