நீக்கிய இரைச்சல்
கொல்கத்தா லேக் மார்க்கெட்டில் நெடுங்காலம் வாழ்ந்த தமிழ்ப் பாட்டியொருவரின் பேச்சை ஆய்வுக்காகப் பதிவுசெய்தேன். ஒவ்வொரு பதிவிலும் பழைய சுவர்க்கடிகாரத்தின் டிக்டிக்கும், நிலையம் பிடிபடாத வால்வு வானொலியின் கரகரப்பும் குறுக்கிட்டன. ஒலியன்களைப் பகுக்க இடையூறென்று மென்பொருள்கொண்டு அவற்றை நீக்கினேன். சென்ற மாதம் பாட்டி காலமானார்.

நேற்றிரவு, நீக்கிய பகுதியை மட்டும் தனியே கேட்டேன். மென்பொருள் இரைச்சலோடு அவருடைய உயிரொலிகளின் தேய்ந்த முடிவுகளையும் சேர்த்தே அகற்றியிருந்தது. கடிகாரத் துடிப்புகளுக்கிடையே சொல்லற்ற ஒரு குரல்! அச்சமாகவே இருந்தது.

1951இல் ஜான் கேஜ் 12 வானொலிகளை 24 பேர் இயக்குமாறு ஓர் இசைப்படைப்பு அமைத்தார். அரங்கேற்றம் நள்ளிரவை நெருங்கிவிட்டதால் பல நிலையங்கள் ஓய்ந்திருந்தன. மாணவனாக அதை அறிந்தபோது சிரித்தேன்.

இப்போது அத்துடிப்பின் வேகத்தைக் குறைத்து, கரகரப்பை அதன்மேல் அடுக்கி, நான்கு நிமிட இசையொன்றை உருவாக்கியுள்ளேன். பாட்டியின் மகளிடம் இசைவு பெறாமல் அதை வெளியிடுவதற்கில்லை. இன்னும் கேட்கவில்லை.